முடி முளைக்காத முன்கை

குற்றாலத்தில் அன்றைக்கு ஆட்டுத் தொடைதான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

ஐந்தருவிக்குப் போகிற வழியில், சீசனுக்கு வாடகைக்கு விடுகிற வீடு. பின்பக்கம் தகரக் கொட்டகை போட்ட சமையல்கட்டு. வெளியே சாரல் பொழிந்துகொண்டிருந்தது. உள்ளே என் சம்பந்தியம்மாவின் தம்பி பனியனோடு குத்தவைத்து உட்கார்ந்து, அந்தத் தொடையை அறுத்துக்கொண்டிருந்தார். அறுத்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் ரம்பம் போட்டார். கத்தி கொழுப்பின் மேல் வழுக்கி வழுக்கி, ஒவ்வொரு தடவையும் அவருடைய பெருவிரலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஏற்பாடு செய்திருந்த சமையல்காரர் வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. வாசலில் ஒரு குரங்கு எலுமிச்சம்பழப் பையைத் தூக்கிக்கொண்டு போனது. அதைத் துரத்திக்கொண்டு மாப்பிள்ளைப் பையன் ஓடினான்.

என் வீட்டுக்காரர் கொட்டகைத் தூணில் சாய்ந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். காது இரண்டும் சிவந்திருந்தன. கண்ணெதிரே யாரோ குழந்தையைக் கிணற்று விளிம்பில் உட்கார வைத்திருப்பது மாதிரி அந்தக் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் கிட்டே போகவில்லை. போகமாட்டார். முந்தின நாள் என்னிடமும் சத்தியம் வாங்கியிருந்தார்: "அங்கன போயி கத்தி பக்கம் தலை வச்சுப் படுக்காத. புரியுதா?"

ஏன் அந்தச் சத்தியம் என்பதற்கு, நான் வாழ்க்கைப்பட்ட கதையிலிருந்து தொடங்கவேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான்.

வாப்பாவின் காது

என் வாப்பாவுக்கு இடது காது கேட்காது. வலது காது, அவருக்குப் பிடித்த விஷயங்களை மட்டும் கேட்கும்.

காதர் மச்சானுக்குப் பெண் கேட்டு வந்தபோது, "பையனுக்கு துபாய்ல என்ன வேல?" என்று வாப்பா கேட்டார். (புருஷனை மச்சான் என்று கூப்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். சென்னைப் பையன்கள் டீக்கடையில் ஆளுக்கு ஆள் கூப்பிட்டுக்கொள்கிற மச்சான் இல்லை.) மச்சானுடைய அண்ணன், "சூப்பர் மார்க்கெட்ல" என்றார். வாப்பாவின் காதில் "சூப்பர்" வரைக்கும் ஒழுங்காக விழுந்தது. மிச்சத்தை அவரே நிரப்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் கடையநல்லூர் முழுக்க என் மாப்பிள்ளை சூப்பர்வைசர் ஆகிவிட்டார். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே அச்சாகிவிட்டது. அச்சடித்து வந்த பிறகு திருத்துவதற்கு எவருக்குத் தைரியம் வரும்? மச்சானுக்கு வரவில்லை.

அதற்கப்புறம் அவர் ரொம்ப வருஷம் சபரில் இருந்தார். வெளிநாட்டுப் பிழைப்புக்கு எங்கள் ஊரில் சபர் என்று பெயர். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். பெட்டியில் பால்பவுடர், தலைவலித் தைலம், எனக்கு அளவே சரியாக இல்லாத செருப்பு. ஒரு மாசம் இருந்துவிட்டுப் போவார். ஷிபானா பிறந்தாள், வளர்ந்தாள், காலேஜ் முடித்தாள். அவளுக்கு வாப்பா என்பது பாதி மனுஷன், பாதி போன்.

நான் முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்தேன். போன வாரம் இங்கே நான் எழுதிய அந்தத் தையல் கதையைப் படித்துவிட்டு, "நீங்கள் பிளவுஸ் துணியில் மிச்சம் பிடித்ததுண்டா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அம்மா, அது வேறு அத்தியாயம்.

இந்த லீவு வருஷங்களில் எனக்கு ஒரு பெரிய கவலை இருந்தது. அவருடைய இடது முன்கையில், மணிக்கட்டுக்கு மேலே, ஒரு சாண் அகலத்துக்கு முடியே இருக்காது. மற்ற இடமெல்லாம் கரடி. அங்கே மட்டும் வழுக்கை. ஏதோ தோல் வியாதி என்று பயந்தேன். "ஏசி ஒத்துக்கலட்டி" என்பார். நான் நம்பி, லீவு முடிகிறவரைக்கும் ராத்திரி ராத்திரி கருஞ்சீரக எண்ணெய் தடவினேன். லீவு முடிகிற சமயம் பார்த்து கொஞ்சம் முளைக்கும். என் வைத்தியத்தைப் பற்றி நானே தெருவெல்லாம் பெருமை பேசியிருக்கிறேன். இரண்டு பேர் எண்ணெய் வாங்கிக்கொண்டும் போனார்கள்.

தீப்பொறி

போன வருஷம் மச்சான் மொத்தமாக வந்துவிட்டார்.

புருஷன் திரும்பி வருவதைப் பற்றி எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை ஒரு ஆள் வீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பற்றி ஒருத்தரும் முன்கூட்டியே எச்சரிக்கமாட்டார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து மூடினார். மசாலா டப்பாக்களை இடம் மாற்றினார். நான் துணி வெட்டும்போது பின்னால் வந்து நின்று, "இப்படித்தான் வெட்டுவியா?" என்றார். ஒரே வீட்டில் இருந்தும் பேசுவதற்கு விஷயம் இல்லை. போனில் பேசிய பேச்சையே நேரிலும் பேசினோம். "சாப்பிட்டியா?" என்பார். அவர் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

அவருக்குப் பெரிய மனக்குறை, என் கத்திகள். என்னிடம் இருந்த கத்தி தக்காளியை வெட்டாது, உட்கார்ந்து நசுக்கும். அதனால் நான் அருவாமனையிலேயே காலத்தை ஓட்டினேன்.

எங்கள் தெருவுக்குச் சாணை பிடிக்கிறவர் மாசம் ஒருமுறை வருவார். பைக்கின் பின்னால் மிஷின், முன்னால் ஒலிபெருக்கி. "கத்தி, கத்தரி, அருவாமனை" என்று பதிவு செய்த பெண் குரல் கூப்பிடும். தொழில் நன்றாக ஓடுகிறது. அன்று நான் கத்தியையும், என் துணி வெட்டும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். மச்சான் பின்னால் வந்தார்.

சக்கரம் சுற்றியது. கத்தியை வைத்ததும் தீப்பொறி பூவாகப் பறந்தது. எனக்கு அந்தத் தீப்பொறி ரொம்பப் பிடிக்கும். கொடுத்த காசுக்கு அதுவே போதும்.

"ஏய், நிப்பாட்டு! நிப்பாட்டுப்பா!"

மச்சான் அப்படிக் கத்தி நான் பார்த்ததில்லை. சாணைக்காரர் சக்கரத்தை நிறுத்தினார்.

"நுனி நீலமாயிருச்சு பாரு. சூடேறிப் போச்சு. இனிமே இந்தக் கத்தில கூர் நிக்குமா? தண்ணி தொட வேண்டாமா?"

"அண்ணாச்சி, ஊரே வாங்கிட்டுப் போயி சந்தோசமா வெட்டுதாங்க. ஒங்களுக்கு மட்டும் என்ன?" என்றார் அவர். அதுவும் நியாயம்தான். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். மச்சான் அதைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் பல்லிளித்து நின்றேன்.

உள்ளே வந்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். அடியிலிருந்து ஒரு துண்டுப் பொட்டலம். அதற்குள் செங்கல் வடிவத்தில் ஒரு கல். ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழவழப்பு. கூடவே ஒல்லியாக, வளைந்து, பிடி தேய்ந்துபோன ஒரு கத்தி.

சூப்பர்வைசரின் பெட்டியில் இதெல்லாம் எதற்கு என்று நான் கேட்கவேயில்லை. அவர் பொட்டலத்தை அவிழ்த்த தினுசிலேயே தெரிந்துவிட்டது.

"மச்சான், அங்கன என்ன வேல பாத்தீங்க?"

"கறி செக்சன்" என்றார், கல்லைப் பார்த்து. "வெட்டுத வேல. போய்ச் சேந்ததுலேருந்து கடைசி வரைக்கும் அதேதான்."

"கை?"

இடது கையை நீட்டினார். "கூர் வந்திருச்சான்னு செரச்சுப் பாப்போம்."

எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. அடக்க முடியவில்லை. எத்தனை பாட்டில் கருஞ்சீரக எண்ணெய்! அவர் என்னை முறைத்தார். பிறகு அவருக்கும் வந்துவிட்டது. இரண்டு பேரும் கட்டிலடியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் கோபம் வந்தது. வேலையைப் பற்றி இல்லை. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் கறி வெட்டுகிறவள்தான், என்னை யாரும் சூப்பர்வைசர் என்று சொன்னதில்லை. இத்தனை வருஷம் போனில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே. அதுதான். ரெண்டு நாள் பேசவில்லை. நாங்கள் பேசாமல் இருந்ததை வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் நானே போய், "அந்தக் கல்ல எடுங்க. எனக்குச் சொல்லிக்குடுங்க" என்றேன்.

ஷ்வய்யா, ஷ்வய்யா

புருஷனிடம் கார் ஓட்டப் படித்த பெண்கள் இருப்பீர்கள். உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

முதல் சண்டை பாத்திரத்துக்கு. கல்லைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். அவர் எடுத்தது என் இட்லி மாவு கரைக்கிற குத்துப்போணி. கல்லிலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வெளியேறுவதை அவர் ரசித்துக்கொண்டிருந்தார். நான் அவரை வெளியேற்றுவதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது சண்டை சாய்வுக்கு. கத்தியைக் கல்லின் மேல் படுக்கவைத்து, முதுகுப் பக்கத்தை மட்டும் லேசாகத் தூக்க வேண்டும். சுண்டுவிரல் நுனி நுழைகிற இடைவெளி போதும். அந்தச் சாய்வு மாறாமல் கத்தி முழுக்க இழுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறதா? எனக்கு இழுக்க இழுக்க மணிக்கட்டு தானாகத் தூக்கியது. "படுக்க வை! படுக்க வை!" என்று கத்துவார். படுக்க வைத்தால், "செத்த பாம்பு மாதிரி படுத்தா எப்படி?" என்பார். அவசரப்பட்டால் "ஷ்வய்யா, ஷ்வய்யா." அரபியில் மெதுவாக என்று அர்த்தமாம். நிறுத்தினால் "யல்லா, யல்லா." என் சமையல்கட்டில் இத்தனை நாள் இல்லாத ஒரு முதலாளி முளைத்துவிட்டார்.

ஷிபானாதான் வழி சொன்னாள். அவளுடைய பார்வையில் இது முழுக்கத் தமாஷ். தன் கறுப்பு மார்க்கர் பேனாவைக் கொண்டுவந்து கத்தி விளிம்பு நெடுக மை தீட்டினாள். "இப்ப தேயிங்க உம்மா. மை எங்கன போகுதோ அங்கனதான் கல்லு படுது." தேய்த்துப் பார்த்தால், நுனியிலும் அடியிலும் மை அப்படியே இருந்தது. நடுவில் மட்டும் பளபளப்பு. அன்றைக்குத்தான் என் கை செய்வதை என் கண் பார்த்தது. மச்சான் அந்தப் பேனாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது அங்கன யாருக்கும் தோணலயே" என்றார்.

பிறகு பிசிறு. ஒரு பக்கம் போதுமான அளவுக்குத் தேய்த்தால், மறுபக்க விளிம்பில் முடியிழை மாதிரி ஒரு பிசிறு எழும்பும். பெருவிரலை விளிம்புக்குக் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மெல்லத் தள்ளினால் தட்டுப்படும். விளிம்போடு நெடுக விரலை ஓட்டக்கூடாது. ஓட்டினேன். பிளாஸ்டர் போட்டுக்கொண்டு ரெண்டு பிளவுஸ் தைத்தேன், ஒன்றில் ரத்தக்கறை.

பிசிறு எழும்பினதும் திருப்பிப்போட்டு மறுபக்கம். அப்புறம் கல்லின் வழவழப்பான பக்கத்தில் அழுத்தாமல். கடைசியில் தோல் பெல்ட்டில் பின்னோக்கி நாலு இழுப்பு. பெல்ட் அவர் இடுப்பிலிருந்து கழற்றியது. ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டே பாடம் நடத்தினார்.

ஒரு நாள் தக்காளியின் மேல் கத்தியை வைத்தேன். அழுத்தவில்லை. இழுத்தேன், அவ்வளவுதான். தோல் சுருங்காமல், ஒரு சொட்டுச் சாறு சிந்தாமல், மெலிசான ஒரு வட்டம் பலகையில் சாய்ந்தது. அதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எதிர்வீட்டுச் சுவர் சிவப்பாகத் தெரிந்தது. அன்று எங்கள் வீட்டில் தேவைக்கு மேல் தக்காளி வெட்டப்பட்டது. ரெண்டு வேளையும் ரசம்.

கத்தரிக்கோல் மட்டும் பாக்கி. "அது எனக்குத் தெரியாது, தொடாத" என்றார் மச்சான். தொட்டேன். முதலில் ஒரு பழைய கத்தரியை எடுத்து, உள்பக்கம் வெளிப்பக்கம் எல்லாம் சாய்த்துத் தேய்த்துக் கெடுத்தேன். துணியை வெட்டாமல் மடித்து மென்றது. ஒரு வாரம் அதைத் திறந்து மூடி யோசித்த பிறகுதான் விளங்கியது. இரண்டு அலகும் உள்பக்கம் ஒன்றோடொன்று உரசித்தான் வெட்டுகின்றன. அங்கே சாய்வு விழுந்தால் போச்சு. வெளியே இருக்கிற சரிவை மட்டும், அது ஏற்கெனவே இருக்கிற செங்குத்தான சாய்விலேயே தேய்க்க வேண்டும். பிசிறை எடுக்க, உள்பக்கத்தைக் கல்லில் அப்படியே தட்டையாகப் படுக்கவைத்து ஒரே ஒரு இழுப்பு.

என் நல்ல கத்தரியை அப்படித் தீட்டி, ஈரமான மல் துணியில் வைத்தேன். நுனி வரைக்கும் சத்தமில்லாமல் போனது. மச்சான் வாங்கி வெட்டிப் பார்த்தார். திரும்ப வெட்டினார். துணி வீணாகிறது என்று பிடுங்க வேண்டியிருந்தது.

"இத நீ எனக்குச் சொல்லிக்குடுக்கணும்ட்டி" என்றார்.

சம்பந்தம்

இந்தச் சமயத்தில்தான் ஷிபானாவுக்குத் தென்காசியில் இடம் அமைந்தது. பையன் ரியாஸ், நல்ல பிள்ளை. அவன் உம்மா மைமூன்தான் வீட்டில் எல்லாம். அந்த அம்மாள் ஒரு பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரே அவரிடம் டிக்கெட் வாங்கிக்கொள்வார் போலிருக்கும்.

பேச்சு நடந்தபோது, வழக்கம்போல் மச்சானை அறிமுகப்படுத்தியவர்கள் "துபாய் சூப்பர்வைசர்" என்றார்கள். வாப்பா போய்ச் சேர்ந்தாலும் அவருடைய காது உயிரோடு இருந்தது. மச்சான் மறுக்கவில்லை. நிச்சயம் முடிந்தது.

அதற்குப் பிறகு அவருக்குத் தூக்கம் போய்விட்டது. "இறச்சி வெட்டுதவன் மகள்னு பிள்ளைய ஏதாவது சொல்லிட்டா?" என்பார். "வெட்டுதது என்ன திருட்டா?" என்பேன். "எனக்குத் தெரியும். ஒனக்குத் தெரியும். அவங்களுக்கு?" என்பார்.

அப்போதுதான் மைமூனிடமிருந்து அழைப்பு வந்தது. சீசன் நன்றாக இருக்கிறது, குற்றாலத்தில் வீடு எடுத்திருக்கிறோம், சம்பந்திகள் இரண்டு பேரும் வந்தே ஆகணும். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணைக் கூட்டிப்போகக் கூடாது என்பதால் ஷிபானாவை வீட்டில் விட்டுவிட்டு, சத்தியம் செய்துகொடுத்துவிட்டு, நான் மச்சானோடு பஸ் ஏறினேன்.

கோப்பை

ஆக, அந்தத் தொடை.

நடக்க வேண்டியது நடந்தது. கத்தி வழுக்கி, மைமூனின் தம்பி பெருவிரலை வெட்டிக்கொண்டார். ரத்தம் பெரிதாக இல்லை, சத்தம்தான் பெரிது. மைமூன் தம்பியை ஒரு பக்கம் திட்டிக்கொண்டே மறுபக்கம் மஞ்சள்தூள் அப்பினார். பிறகு கத்தியைக் கழுவி என்னிடம் நீட்டினார். (மச்சி என்பது எங்களில் மதினி முறை.)

"மச்சி, நீயாவது வெட்டித் தொலயேன். எல்லாரும் பசியோட அருவியிலேருந்து வருவாங்க."

விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தேன். கரண்டி இதைவிடக் கூர். இதை வைத்துக்கொண்டு சும்மா வெட்ட எனக்கு இப்போது கை வராது. கெட்ட பழக்கம் பிடித்துவிட்டது. சுற்றிப் பார்த்தேன். கல் இல்லை. மைமூன் குடித்துக்கொண்டிருந்த பீங்கான் டீக் கோப்பை திட்டில் இருந்தது. மிச்ச டீயை ஊற்றிவிட்டு அதைக் கவிழ்த்தேன். அடியில் பளபளப்பு பூசாத ஒரு வளையம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். சொரசொரவென்று இருக்கும். அதில் கத்தியை வைத்து இழுக்கத் தொடங்கினேன்.

மைமூன், தம்பி, எலுமிச்சம்பழம் இல்லாமல் திரும்பிவந்த ரியாஸ், எல்லோரும் பார்த்தார்கள். பார்வை பட்டதும் என் மணிக்கட்டு பழையபடி தூக்க ஆரம்பித்தது.

"இத எங்கன படிச்ச?" என்றார் மைமூன்.

யூடியூப் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஏட்டி, கத்தியத் தூக்காத! படுக்க வை! எத்தன தடவ சொல்லுதது!"

தூண் பேசியது. எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். மச்சான் தான் கத்தியதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு நின்றார்.

"அண்ணே, ஒங்களுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்று மைமூன் கேட்டார்.

மச்சான் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை. இந்த ஒரு பதிலை வேறு யாரும் அவருக்காகச் சொல்லக்கூடாது என்று எனக்குப் பட்டது. ஏற்கெனவே ஒருத்தர் சொன்னதன் பலன்தான் இவ்வளவும்.

"நான் சூப்பர்வைசர் இல்லம்மா" என்றார். "கறி வெட்டுத ஆளு. போன நாள்லேருந்து அதே வேலதான்."

"கசாப்புக் கடையா?" என்றார் தம்பி, கட்டுப்போட்ட விரலைத் தூக்கிப் பிடித்தபடி. "நம்மகிட்ட வேற மாதிரில்லா சொன்னாங்க?"

"சூப்பர் மார்க்கெட்டு. ஆனா வேல ஒண்ணுதான்." மச்சான் சட்டைக் கையை மடித்தார். "தள்ளிக்கோங்க."

என்னிடமிருந்து கத்தியையும் கோப்பையையும் வாங்கினார். இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். பழக்க தோஷத்தில் முன்கையில் வைத்துச் சிரைத்துப் பார்த்தார். பிறகு தொடையின் எதிரில் உட்கார்ந்தார்.

அவர் வேலை செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கையில் பலமே இல்லாத மாதிரி இருந்தது. எலும்பை ஒட்டிக் கத்தி நுனி போனது, மூட்டில் ஒரு சின்னத் திருப்பு, எலும்பு தனியாகக் கழன்று வந்தது. சவ்வை ஒரே இழுப்பில் உரித்தார். துண்டுகள் எல்லாம் ஒரே அளவில் தாம்பாளத்தில் சேர்ந்தன. அவருடைய முகம் அமைதியாக இருந்தது. வீட்டில் ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிற ஆள் இவர் இல்லை. இத்தனை வருஷம் எனக்குக் காட்டாமல் வைத்திருந்த ஆள்.

மைமூன் பிரியாணியைக் கிளறினார். வாயைச் சாப்பிடுவதற்கு மட்டும் திறந்தார். தம்பி மட்டும், எலும்பைக் கடித்துக்கொண்டே, "பொய் சொல்லிப் பொண்ணு குடுக்குதது சரியில்ல" என்றார். ரெண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு திரும்பவும் சொன்னார்.

திரும்புகிற பஸ்ஸில் மச்சான் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். "எம் பிள்ள வாழ்க்கைய நானே வெட்டிட்டேன்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கறி வாசனை போகவில்லை.

வீட்டுக்கு வந்தால், ஷிபானாவுக்கு எங்களுக்கு முன்பே செய்தி வந்து சேர்ந்திருந்தது. "ரியாஸ்கிட்ட நான் எப்பவோ சொல்லிட்டேனே வாப்பா" என்றாள். "நிச்சயம் முடிஞ்ச அன்னைக்கே சொல்லிட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"எங்க வீட்டுக் கத்தியும் மொண்ணன்னு சொன்னான்."

அவருக்கு இதிலும் நிம்மதி இல்லை. பையன் சம்மதித்தால் போதுமா? மைமூனிடமிருந்து போனே இல்லை.

துணி மூட்டை

சில நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மைமூன் தனியாக இறங்கினார். கையில் துணியில் கட்டிய ஒரு மூட்டை.

நிச்சயத்துக்கு நாங்கள் வைத்த சேலையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார் என்றே நினைத்தேன். மச்சான் எழுந்து நின்றார். உட்காரச் சொல்லவும் மறந்துவிட்டார்.

மைமூன் மூட்டையை என் தையல் மேசையில் வைத்து அவிழ்த்தார். கத்திகள். தேங்காய் வெட்டுகிற கத்தி, மீன் கத்தி, பிடி இல்லாத ஒரு கத்தி, துரு ஏறிய ஒரு அருவாமனை.

"அண்ணே, ஒங்க மேல எனக்குக் கோவம்" என்றார். "வேலையச் சொல்லல. எந் தம்பி மஸ்கட்ல கக்கூஸ் கழுவினவன், அவன் பேச்ச விடுங்க, அவன் வாய நான் அடச்சிட்டேன். எனக்குத் தெரியாம எம் பையனுக்கும் தெரிஞ்சிருக்கு, ஒங்க பிள்ளைக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாரும் சேந்து என்ன மட்டும் முட்டாளாக்கியிருக்கீங்க. இனி என்கிட்ட எதையும் மறைக்கப்பிடாது."

"மறைக்கமாட்டேம்மா" என்றார் மச்சான்.

"கல்யாணத்துக்குக் கறி ஒங்க பொறுப்பு. அந்தச் சமையல்காரன நம்ப முடியாது." பிறகு என் பக்கம் திரும்பினார். "மச்சி, சோறு இருக்கா?"

இருந்தது. சாப்பிட்டார். போகும்போது, கத்திகளை அவசரமாகத் தீட்டவேண்டாம், ஆனால் வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்றார்.

அன்று சாயங்காலம் நானும் மச்சானும் சமையல்கட்டில் எதிரெதிரே உட்கார்ந்து அந்தக் கத்திகளைத் தீட்டினோம். துருவை நான் எடுத்தேன், விளிம்பை அவர் பிடித்தார். கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டே, கேட்காமலேயே பேச ஆரம்பித்தார்.

"மொத மாசம் எனக்குக் கத்தி பிடிக்கவே தெரியாது. சாமான் அடுக்குத வேலன்னு கூட்டிட்டுப் போனாங்க. போனா குளிர் ரூமுல நிறுத்திட்டாங்க. ஆடு ஆடா தொங்குது. விரலெல்லாம் மரத்துப் போகும். வெட்டுப்பட்டாலும் தெரியாது, ரத்தத்தப் பாத்துத்தான் தெரியும். ஒரு நாள் கதவுக்குப் பின்னால நின்னு அழுதேன்."

"அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணுனீங்களா?"

"பண்ணுனேன்."

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

யோசித்தார். "நீயும் நல்லா இருக்கேன்னுதான் சொன்ன."

"அதுவும் பொய்தான் மச்சான்."

கத்தியைக் கீழே வைத்தார். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, காலை நீட்டி வசதியாக உட்கார்ந்தார்.

"சரி, நீ சொல்லு" என்றார்.